கத்தரி விதையைப் பகிர்தல்

மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட மணல் நிலத்தில், ஆவணி முடிவில் மிகுதியாகும் கத்தரிக்காயை அயலாருக்கு வழங்குவோர் உளர். காய் ஒருநாட் கறிக்கு உதவும். விதையோ அடுத்த போகத்துக்கும் உதவும். எனினும், நோயுற்ற காயின் விதை அயலார் தோட்டத்துக்கும் காயழுகலைக் கொண்டு செல்லும். ஆகவே, நோயின்றி நன்கு காய்த்த செடியைத் தெரிந்து, இரண்டொரு காய்களைப் பறியாது மஞ்சளாகப் பழுக்க விடல் வேண்டும்.

பழத்தைப் பிசைந்து நீரிலிட்டால் பொக்கு விதை மிதக்கும். அடியிற் படிந்த விதையைக் கழுவி, நிழலில் நன்கு உலர்த்தி, சாம்பல் கலந்து, போத்தலில் இறுக மூடி வைக்க. கலப்பினச் செடியின் விதை தாய்ச்செடியின் குணத்தை முற்றாகத் தராது; அதனைப் பகிர்தல் ஆகாது. விதையுடன் அதன் இனத்தையும் எடுத்த மாதத்தையும் எழுதிக் கொடுத்தல் நன்று. மாரி கழிந்ததும் நாற்றுமேடைக்கு அவ்விதை பயன்படும்.