உங்களுக்குத் தெரியுமா? – அட்டை வேறு, பட்டியல் வேறு

ஜொகூரில் ஒருவரிடம் மாற்றுத்திறனாளிகளுக்கான ஓ.கே.யு. அட்டை இருந்தாலே அரசின் வறுமைப் பட்டியலில் அவர் பெயரும் ஏறிவிடாது. அட்டையைத் தருவது சமூக நல இலாகா. ஏழைக் குடும்பங்களின் விவரம் இருப்பதோ ‘இகாசே’ என்ற தேசியத் தரவுத்தளத்தில்.

மலேசியா 2008இல் மாற்றுத்திறனாளிகள் சட்டம் இயற்றியது, 2010இல் மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான ஐ.நா. உடன்படிக்கையை ஏற்றது. வறுமை ஒழிப்புத் திட்டங்களில் இவர்களுக்கும் பங்கு உண்டு என்கிறது அந்த உடன்படிக்கையின் 28ஆம் பிரிவு. ஏட்டளவில் குறையில்லை. கணக்கில்தான் இடிக்கிறது.

2020இல் வறுமைக் கோடு மாத வருமானம் 980 வெள்ளியிலிருந்து 2,208 வெள்ளிக்கு உயர்த்தப்பட்டது. குடும்பத்தின் உணவையும் மற்றத் தேவைகளையும் அளக்கும் அந்தக் கோட்டில், பெரியவருக்கான டயப்பர், சக்கர நாற்காலி, ஆஸ்பத்திரிக்குப் போகும் வாடகைக் கார் எதுவும் தனியாகச் சேர்வதில்லை. குளுவாங்கில் படுத்த படுக்கையான பிள்ளையைப் பார்க்க வேலையை விட்ட அம்மாவின் சம்பளத்தை யார் கணக்கில் எழுதுவார்கள்? கோட்டுக்குச் சற்று மேலே நிற்கும் இத்தகைய குடும்பம் ‘ஏழையல்ல’ என்றாகிவிடும்.

வீட்டில் மாற்றுத்திறனாளி இருந்தால், அட்டையோடு நின்றுவிடாதீர்கள். உதவித்தொகைக்கும் இகாசே பதிவுக்கும் தனித்தனியாக மனு செய்யுங்கள்.