அச்சு நிற்கும், உடல் சுழலும்

காயலான் கடைக்கு ஒரு பழைய சீலிங் ஃபேன் வந்து சேர்ந்தால், பெரும்பாலும் அன்றோடு அதன் ஆயுள் முடிந்துவிடுகிறது. சம்மட்டியால் இரும்பு உடம்பைப் பிளந்து, உள்ளே இருக்கும் செம்புக் கம்பியை உருவி எடுத்துவிட்டு, மிச்சத்தை இரும்பு விலைக்குத் தள்ளிவிடுவார்கள். பேரிங்கும் கண்டன்சரும் மாற்றினால் இன்னும் ஒரு தலைமுறை ஓடக்கூடிய இயந்திரங்கள் இப்படித்தான் மறைந்துகொண்டிருக்கின்றன. அவற்றில் ஒன்றையாவது வாங்கி, சரிசெய்து, வீட்டுக் கூடத்தில் ஓடவிட வேண்டும் என்று நினைப்பவர்கள் இப்போது பெருகி வருகிறார்கள். ஃபேனுக்குள் என்ன நடக்கிறது என்று முதலில் தெரிந்துகொண்டால், அதில் எதை மாற்றலாம், எதில் கை வைக்கக் கூடாது என்பது தானாக விளங்கும்.

மின்சார சீலிங் ஃபேனை முதலில் உருவாக்கியவர் பிலிப் டீல். ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் குடியேறியவர். சிங்கர் தையல் இயந்திர நிறுவனத்தில் வேலை பார்த்தவர். தையல் இயந்திரத்துக்காகத் தாம் வடிவமைத்த மோட்டாரில் றெக்கைகளைப் பொருத்தி 1882இல் கூரையில் தொங்கவிட்டார். நம் ஊரில் அப்போது அரசு அலுவலகங்களிலும் துரைமார் பங்களாக்களிலும் துணிப் பங்காவைக் கயிறு கட்டி ஆட்கள் இழுத்துக்கொண்டிருந்தார்கள். பிறகு இங்கிலாந்திலிருந்து ஜி.இ.சி. போன்ற ஃபேன்கள் கப்பலில் வந்தன. அடுத்து உஷா, ஓரியன்ட், கிராம்ப்டன், ராலிஃபேன் என்று இந்தியத் தயாரிப்புகள் வீடுகளை நிறைத்தன. இன்று தமிழ்நாட்டில் தேடினால் அதிகம் அகப்படுபவை இந்த வார்ப்பிரும்பு உடம்புக்காரர்கள்தான்.

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகள் தேடலைத் தொடங்க நல்ல இடம். அதைவிட நல்ல இடம், இடிக்கப்போகிற பழைய வீடு. கழற்றுவதற்கு முன் அங்கேயே ஃபேன் ஓடுவதைப் பார்த்துவிடலாம்; கூடவே அதன் ராடு, கப், பெட்டி ரெகுலேட்டர் எல்லாம் ஒன்றாகக் கிடைக்கும். பித்தளை பளபளக்க, நேற்று செய்ததைப் பழசு என்று விற்பவர்களும் உண்டு. உடம்பில் ஆணியடித்து ஒட்டிய பெயர்த் தகடு இருக்கிறதா என்று பாருங்கள். வோல்ட், சைக்கிள், வரிசை எண் பொறித்த அந்தத் தகடுதான் ஃபேனின் பிறப்புச் சான்று. எவ்வளவு தேய்ந்திருந்தாலும் அதன்மேல் பெயின்ட் அடிக்க விடாதீர்கள்.

இனி உள்ளே. சாதாரண மோட்டாரில் வெளிக்கூடு அசையாமல் நிற்கும், நடுத்தண்டு சுழலும். சீலிங் ஃபேனில் இது தலைகீழ். மாட்டு வண்டியில் அச்சு நிற்க சக்கரம் மட்டும் சுற்றுவதுபோல, இங்கே தண்டு கூரையோடு பிணைந்து அசையாமல் நிற்கிறது. உடம்பு மொத்தமும் றெக்கைகளோடு அதைச் சுற்றி வருகிறது. காயில் கட்டிய பகுதி தண்டோடு சேர்ந்து நடுவில் நிற்கும். சுற்றும் கூட்டின் உள்விளிம்பில் இரும்புத் தகடுகளும், அவற்றின் இடையே அலுமினியப் பட்டைகளும் வளையமாக இருக்கும். அந்த வளையத்துக்கு ஒரு கம்பிகூடப் போவதில்லை. நடுவே சுழலும் காந்தப்புலம் பட்டைகளில் மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. அந்த மின்னோட்டத்தின் காந்தம் புலத்தைத் துரத்திக்கொண்டு ஓடுகிறது. நிக்கோலா டெஸ்லா 1888இல் காப்புரிமை பெற்ற தூண்டல் மோட்டாரின் தத்துவம் இதுதான். உரசுவதற்குப் பேரிங்கைத் தவிர வேறெதுவும் இல்லாததால்தான் இந்த ஃபேன்கள் இத்தனை காலம் உழைக்கின்றன.

வீட்டுக்கு வரும் ஒற்றை ஃபேஸ் மின்சாரத்தால் காந்தப்புலத்தைச் சுழற்ற முடியாது, முன்னும் பின்னும் துடிக்க வைக்கத்தான் முடியும். அதனால் ஃபேனுக்குள் இரண்டு காயில்கள். ஒன்றுக்கு மின்சாரம் நேரே போகிறது, மற்றொன்றுக்குக் கண்டன்சர் வழியாகப் போகிறது. கண்டன்சர் அந்த ஓட்டத்தைக் கொஞ்சம் முன்னே தள்ளிவிட, இரண்டு துடிப்புகளும் சேர்ந்து ஒரு சுழற்சி ஆகின்றன. கண்டன்சர் செத்துப்போனால் ஃபேன் உறுமிக்கொண்டே நிற்கும்; கையால் தள்ளிவிட்டால் எந்தப் பக்கம் தள்ளுகிறோமோ அந்தப் பக்கம் சோம்பலாகச் சுற்றும். "ரிப்பேர்" என்று தூக்கிப் போடப்பட்ட ஃபேன்களில் பலவற்றின் வியாதி இவ்வளவுதான்.

வேகத்தின் கணக்கு இன்னும் அழகானது. பல்சக்கரம் எதுவும் இல்லாமல் ஒரு மோட்டார் எப்படி நிதானமாகச் சுற்றுகிறது? காந்த முனைகளின் எண்ணிக்கையில் இருக்கிறது விடை. 120ஐ 50 ஹெர்ட்ஸால் பெருக்கி, முனைகளின் எண்ணிக்கையால் வகுத்தால் காந்தப்புலம் நிமிடத்துக்கு எத்தனை முறை சுற்றுகிறது என்று வரும். நான்கு முனை மேசை ஃபேனுக்கு 1500. பதினான்கு முனை சீலிங் ஃபேனுக்குச் சுமார் 429. றெக்கை காற்றைத் தள்ளும் சுமையால் ஃபேன் புலத்துக்குப் பின்தங்கி 350 வாக்கில் ஓடும். முனைகளைப் பதினாறாக்கினால் புலம் 375, பதினெட்டாக்கினால் 333. பழைய ஃபேன்களில் 56 அங்குல வீச்சுள்ள பெரியவை, இப்படிக் குறைந்த வேகத்தில் நிறையக் காற்றைச் சத்தமில்லாமல் நகர்த்தும். உயரமான கூடங்களில் அந்தக் காற்றின் சுகம் தனி.

வாங்கி வந்ததும் நேரே பிளக்கில் சொருகாதீர்கள். முதலில் கார்பன் பிரஷ் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது நேர்மின்சாரத்துக்கு, அதாவது டி.சி.க்குச் செய்யப்பட்டதாக இருக்கலாம். கல்கத்தாவின் பழைய பகுதிகளில் டி.சி. சப்ளை நெடுங்காலம் இருந்தது. அப்படிப்பட்டதை இன்றைய லைனில் கொடுக்கக் கூடாது. பிரஷ் இல்லையென்றால், எலக்ட்ரீஷியன்கள் செய்வதுபோல 100 வாட் குண்டு பல்பை சீரீஸில் போட்டுக் கொடுங்கள். பல்பு மங்கலாக எரிந்தால் காயில் பிழைத்திருக்கிறது; முழுப் பிரகாசத்தில் எரிந்தால் உள்ளே ஷார்ட். அடுத்து, 500 வோல்ட் மெக்கரால் காயிலுக்கும் உடம்புக்கும் இடையே கசிவு இருக்கிறதா என்று ஒரு வைண்டிங் கடையில் பார்த்துவிடுங்கள்.

காயில் நன்றாக இருந்தால் அதைத் தொடவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. கருத்துப்போன வார்னிஷைப் பார்த்ததும் "புதுசா கட்டிடலாம் சார்" என்பார்கள். காயில் கட்டுபவர் சுற்றுகளின் எண்ணிக்கையையும் கம்பியின் கேஜையும் பழையபடியே எண்ணி, அதே செம்பில் கட்டி, வார்னிஷில் முக்கி, சூட்டில் உலர்த்தினால்தான் பழைய ஓட்டம் வரும். எங்காவது சுருக்கினால் ஃபேன் சுடும். எரிந்துபோன காயிலுக்கு வேறு வழியில்லை. உயிரோடு இருப்பதை எதற்கு அறுப்பது?

மாற்றியே தீர வேண்டியவை வேறு. ஃபேனுக்குள்ளிருந்து கம்பிகள் தண்டின் நடுவே உள்ள துளை வழியாக மேலே வருகின்றன. அந்தத் துளைக்குள் பழைய ரப்பர் உறை உதிர்ந்து, செம்பு இரும்பில் படுவதுதான் ஷாக்குக்கு முதல் காரணம். சூடு தாங்கும் புதிய ஒயரை அங்கே இழுக்க வேண்டும். கழற்றும்முன் இணைப்பைப் படமாக வரைந்துகொள்ளுங்கள். வரையத் தவறினாலும், மூன்று கம்பி வரும் ஃபேனில் மீட்டரை வைத்து இரண்டிரண்டாக அளந்தால் எந்த ஜோடியில் ஓம் அதிகமாக வருகிறதோ அந்த ஜோடிக்குக் குறுக்கேதான் கண்டன்சர். அதன் அளவைப் பழையதன் மேலேயே எழுதியிருப்பார்கள், பெரும்பாலும் 2.25 அல்லது 2.5 மைக்ரோஃபாரட். வேகம் கூடும் என்று பெரிய கண்டன்சர் போடுவது காயிலை வறுக்கிற வேலை. பழைய தகரக் கூட்டுக் கண்டன்சரில் பி.சி.பி. என்ற நச்சு எண்ணெய் இருக்கக்கூடும். அதைத் திறக்காமல் ஒதுக்கி வையுங்கள்.

பேரிங்கைப் புல்லர் வைத்துத்தான் எடுக்க வேண்டும். வார்ப்பிரும்பு சுத்தியல் அடியைத் தாங்காது, விரிசல் விட்டுவிடும். பேரிங்கின் எண் அதன்மேல் இருக்கும். 6201, 6202 போன்றவை எந்த ஊரிலும் கிடைக்கின்றன. பெயின்ட் விஷயத்தில் கவனம் தேவை. பழைய எனாமலில் ஈயம் இருந்திருக்கலாம். தண்ணீர் விட்டு ஈரமாகத் தேயுங்கள், முகக்கவசம் போடுங்கள், குழந்தைகள் பக்கத்தில் இருக்க வேண்டாம். பழைய நிறம் ஓரளவு நன்றாக இருந்தால் சோப்புத் தண்ணீரும் மெழுகும் போதும். காலத்தால் பழுத்த அந்தக் கிரீம் நிறம் எந்த டப்பாவிலும் வராது.

மின்கட்டணம் பற்றி மறைக்க ஒன்றுமில்லை. இந்த வகை ஃபேன் 75 வாட் அளவில் எடுக்கும், இன்றைய பி.எல்.டி.சி. (பிரஷ் இல்லாத டி.சி. மோட்டார்) ஃபேன் 30 வாட்டில் ஓடுகிறது. தினம் 12 மணி நேரம் ஓடினால் ஆண்டுக்கு ஏறக்குறைய 197 யூனிட் வித்தியாசம். 2023 ஜனவரி 1 முதல் சீலிங் ஃபேனுக்கு நட்சத்திரக் குறியீடு கட்டாயமானதும் இதனால்தான். எனவே விடிய விடிய ஓடும் படுக்கையறைக்குப் புதியதை வாங்குங்கள், மாலையில் உட்காரும் கூடத்துக்குப் பழையது இருக்கட்டும். சிலர் உடம்பை மட்டும் வைத்துக்கொண்டு உள்ளே பி.எல்.டி.சி. மோட்டாரைத் திணிக்கிறார்கள். அது எனக்கு ஒப்பவில்லை. காப்பாற்ற வந்த இயந்திரத்தையே வெளியே எறிந்துவிட்டு வெறும் கூட்டைக் கொண்டாடுவது அது. ரெகுலேட்டருக்கு வேண்டுமானால் கண்டன்சர் வகை ஸ்டெப் ரெகுலேட்டர் வையுங்கள். பழைய பெட்டி ரெகுலேட்டர் வேகத்தைக் குறைக்கும்போது மின்சாரத்தைச் சூடாக்கி வீணடிக்கும். டிம்மர் வகை மின்னணு ரெகுலேட்டரிலோ பழைய காயில் ரீங்காரம் போடும்.

மாட்டும்போது எந்தச் சிக்கனமும் கூடாது. 48 அங்குல ஃபேன் 350 சுற்றில் ஓடும்போது றெக்கை நுனியின் வேகம் மணிக்கு ஏறக்குறைய 80 கிலோமீட்டர். உடம்போ புதிய ஃபேனைவிடக் கனமான இரும்பு. கான்கிரீட் கூரையில் வார்க்கும்போதே கம்பியோடு பிணைத்து வைத்த கொக்கியில்தான் அது தொங்க வேண்டும். மெட்ராஸ் டெரஸ் வீடென்றால் மர உத்தரத்தில் கரையானோ விரிசலோ இருக்கிறதா என்று தட்டிப் பார்த்த பிறகே கொக்கி. ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங்கை நம்பவே கூடாது. ராடின் போல்ட்டுக்குப் புதிய ஸ்பிளிட் பின் போட்டு இரு காலையும் விரித்து மடக்குங்கள். அந்தக் காலத்து ஃபேன் பலவற்றில் எர்த் இணைப்பே இருக்காது. ராடோடு சேர்த்து எர்த் ஒயர் கட்டாயம் கொடுங்கள்.

றெக்கைகள் ஒன்றோடொன்று எடை பார்த்துச் சேர்த்தவை. கழற்றும்போதே எண் போட்டு, அதே இடத்தில் பூட்டுங்கள். ஓடவிட்டு ஆட்டம் தெரிந்தால் ஒவ்வொரு நுனியும் கூரையிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அளந்து, வளைந்த றெக்கைத் தாங்கியை மெல்ல நிமிர்த்துங்கள். முதல் நாள் ஒரு மணி நேரம் ஓடியபின் நிறுத்தி, மெயினை அணைத்துவிட்டு, உடம்பைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு இயல்பு, கை வைக்க முடியாத சூடு என்றால் மறுபடி கீழே இறக்க வேண்டும். ஒரு வாரம் கழித்து ஏணி போட்டு எல்லாத் திருகுகளையும் இன்னொரு முறை முடுக்குங்கள், ஸ்பிளிட் பின்னையும் பாருங்கள். அதன் பிறகு ஆண்டுக்கு ஒரு முறை, கோடை தொடங்கும் முன் பார்த்தால் போதும்.