நீரில் பதியும் சுவடு

மணலில் நடப்போர்க்கு அடிச்சுவடு உண்டு. நீரில் நீந்தும் மீனுக்கும் சுவடு உண்டோ? உண்டு. மீன் வாலை அசைக்குந்தோறும் அதன் பின்னே சிறு சுழல்கள் தோன்றுகின்றன. மீன் அகன்ற பின்னரும் அவை சில நொடிகள் அடங்குவதில்லை.

அச்சுவட்டை அறியும் பொறி யாது? கெண்டை மீன் ஒன்றை உற்று நோக்குங்கள். செவுள் மூடியின் பின்னிருந்து வால்வரை விலாவில் ஒரு கோடு செல்வதைக் காண்பீர்கள். அதனைப் பக்கக்கோடு என்பர். அக்கோட்டிலுள்ள நுண்துளைகள் தோலுக்கடியில் ஓடும் மெல்லிய குழாயில் திறக்கின்றன. குழாயினுள் நுண்மயிர்களையுடைய உயிரணுக்கள் உள்ளன. நீர் அசைந்தால் மயிர்கள் சாய்கின்றன. உடனே அச்செய்தி நரம்பின் வழியே மூளையை எட்டுகின்றது. தோலின் மேற்பரப்பிலும் இத்தகைய உணர்வுறுப்புகள் உள்ளன.

ஐரோப்பிய ஆறுகளில் வாழும் பெருங்கெளுத்தி இரவில் இரைதேடும் இயல்புடையது. அதன் வேட்டையை அறிஞர்கள் காரிருளில் ஆராய்ந்து, 2001ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். கெளுத்தி, இரை இருந்த இடத்தை நோக்கி நேரே பாயவில்லை. இரை சென்ற வளைந்த வழியையே தானும் பின்பற்றிச் சென்று அதனைப் பிடித்தது. 10 நொடிகளுக்கு முன் உண்டான சுவடும் அதற்குப் புலனாயிற்று. பின்னர், பக்கக்கோட்டின் உணர்ச்சியை நீக்கிப் பார்த்தபொழுது, கெளுத்தியின் வேட்டைத்திறன் பெரிதும் குன்றியது.

சிறுமீனை இருள் மறைக்கின்றது. ஆனால், அதன் வாலசைவே அதனைக் காட்டிக்கொடுத்து விடுகின்றது!