அமெரிக்க சர்வகலாசாலைப் பிரவேசமும் அந்நிய மொழியும்

மாசச்சூசெற்ஸ் மாகாணத்தில் ஹாவார்ட் கல்லூரி 1636ஆம் ஆண்டில் நிறுவப்பெற்றது. அங்கே சேர விரும்பிய மாணாக்கன் சிசரோவின் இலத்தீனைப் பார்த்தவுடன் படித்துப் பொருள் கூறவும், இலத்தீனிலே உரையும் செய்யுளும் இயற்றவும், கிரேக்கப் பெயர்ச்சொற்களின் வேற்றுமைகளைப் பிழையின்றி ஒப்பிக்கவும் வேண்டும் என 1640களில் விதிக்கப்பட்டது. எத்தனை ஆண்டு படித்தாய் என எவரும் கேட்டிலர்; என்ன செய்ய வல்லாய் என்பதே கேள்வி.

சார்ல்ஸ் எலியட் தலைவராயிருந்த காலத்தில், 1886இல், கிரேக்கம் இன்றியும் ஹாவார்டிற் சேரலாம் என்றாயிற்று. பின்னர் இலத்தீனின் பிடியும் தளர, பிரெஞ்சு, ஜேர்மன், ஸ்பானியம் முதலிய வழங்கு மொழிகள் இடம்பெற்றன. அளவுகோலும் மாறியது. அம்மாற்றத்தின் கதை விநோதமானது. முதுமையடைந்த பேராசிரியர்களுக்கு ஓய்வூதியம் வழங்க முன்வந்த கார்னெகி நிதியம், எது கல்லூரி, எது கல்லூரியன்று எனப் பிரித்தறிய வேண்டியதாயிற்று. ஒரு பாடத்தை ஓராண்டில் ஏறக்குறைய 120 மணித்தியாலம் கற்றால் அது ஓர் அலகு. இத்தனை அலகு கேட்டு மாணவரைச் சேர்ப்பதே கல்லூரி என 1906இல் வரையறுத்தது. மொட்டைத்தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போட்டதுபோல், பேராசிரியரின் ஓய்வூதியத்தோடு மாணவனின் பிரெஞ்சுப் பாடமும் பிணைக்கப்பட்டது. அன்று முதல் மொழியறிவு ஆண்டுக் கணக்கிற் பேசப்படலாயிற்று.

இன்று அந்நாட்டில் எல்லாக் கல்லூரிக்கும் பொதுவான விதி ஒன்றில்லை. பிறின்ஸ்ரன் சர்வகலாசாலை கண்டிப்பான அலகு எதனையும் விதிக்காவிடினும், ஒரே அந்நிய மொழியை நான்கு ஆண்டு கற்றிருத்தலை எதிர்பார்க்கிறது. கலிபோர்னியா சர்வகலாசாலையோ ஆங்கிலமல்லாத ஒரு மொழியில் இரண்டு ஆண்டைக் கட்டாயமாக்கி, மூன்று ஆண்டு நன்று என்கிறது. கட்டாயம் வேறு, எதிர்பார்ப்பு வேறு. இவ்வேறுபாட்டை அறியாத பெற்றோர், இரண்டு ஆண்டு முடிந்ததும் பிள்ளையை அம்மொழியிலிருந்து விலக்கிவிடுவர்; அல்லது ஒரு மொழியில் இரண்டு, மற்றொன்றில் இரண்டு எனச் சேர்த்து நான்காக்குவர். இரண்டு மொழிகளின் அரிச்சுவடி ஒரு மொழியின் இலக்கியமாகாது. ஆகவேதான் பிறின்ஸ்ரன் ‘ஒரே மொழி’ எனக் குறித்துரைக்கிறது.

ஆண்டு என்று எழுதினும் கருதப்படுவது படிநிலையே. கலிபோர்னியாவில் மூன்றாம் நிலை ஸ்பானிய வகுப்பில் ஒருவன் ‘சி’ தரத்துடன் சித்தியெய்தினால், கீழ்நிலைகளை அவன் பாடசாலையிற் படிக்காதிருப்பினும் அவையும் நிறைவேறியனவாகக் கொள்ளப்படும். ஏழாம், எட்டாம் வகுப்புகளிற் பெற்ற மொழிப் பாடமும் கணக்கிற் சேரும். அமெரிக்கச் சைகை மொழியும் ஏற்கப்படுகிறது.

நம்மவர் கவனிக்கவேண்டிய பகுதி இதுவே. யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ தமிழ்மொழி மூலம் கற்றுப் பதினைந்து வயதிற் கலிபோர்னியா சேரும் பிள்ளை, ஆங்கிலத்தோடு போராடும் வேளையில் ஸ்பானிய அரிச்சுவடியையும் புதிதாகத் தொடங்குவதுண்டு. அது வேண்டற்பாலதன்று. ஆங்கிலமல்லாத மொழியைப் போதனா மொழியாகக் கொண்ட பாடசாலையில் ஆறாம் வகுப்பிலோ அதற்கு மேலோ இரண்டு ஆண்டு ‘சி’ தரத்திற் குறையாது படித்தவர், மொழித் தகைமையைப் பூர்த்திசெய்தவராகவே அச் சர்வகலாசாலையாற் கருதப்படுவர். விரும்பி ஸ்பானியம் படித்தல் வேறு; தமிழ் ஒரு தகைமையன்று என எண்ணிப் படித்தல் வேறு.

அங்கேயே பிறந்து வீட்டில் மட்டும் தமிழ் பேசிய பிள்ளையின் நிலை சற்றுக் கடினம். பேச்சு மாத்திரம் போதாது. அது மதிப்பிடப்படல் வேண்டும். ஏற்ற பரீட்சை கிடையாதவிடத்து, அம்மொழியறிந்தோரின் ஆலோசனையைப் பெற்றுப் பாடசாலை அதிபர் தேர்ச்சியை உறுதிப்படுத்தவும் வழியுண்டு. ஆனால் அந்த அதிபர் தமிழ் அறிந்தவராயிருத்தல் அரிது. ஆதலால் எழுத்தும் வாசிப்பும் கற்பிக்கும் வார இறுதித் தமிழ்ப் பள்ளியின் சாட்சியம் அங்கே பெறுமதி பெறுகிறது.

இங்கிருந்து செல்வோர்க்கு வேண்டியது மிகச் சிறிய காரியம். பாடசாலை விடுகைப் பத்திரம் மாத்திரம் போதாது; வகுப்பு வாரியாகப் பெற்ற புள்ளிகளையும், போதனா மொழி தமிழ் என்பதையும் காட்டும் தேர்ச்சி அறிக்கைகளை, ஆங்கில மொழிபெயர்ப்போடு, புறப்படுமுன்னரே அதிபரிடம் பெற்றுக்கொள்ளல் வேண்டும்.