ஒருமுனை மின்சாரத்தில் மும்முனை மோட்டார்: பணம் கொடுக்கும் முன் பெயர்ப்பலகையைப் பாருங்கள்

தீவனப்புல் நறுக்கும் இயந்திரம், தீவனம் அரைக்கும் பல்வரைசர், துளையிடும் மிஷின், பழைய லேத் என்று இன்று பல தோட்டங்களில் ஒரு சிறு பட்டறையே இருக்கிறது. இவற்றில் பழைய இயந்திரமாக மலிவு விலையில் கிடைப்பவை பெரும்பாலும் மும்முனை மோட்டார் பொருத்தியவை. ஆனால் வீட்டிலும் மாட்டுக் கொட்டகையிலும் இருப்பது ஒருமுனை இணைப்பு. "ஒரு கண்டன்சர் போட்டால் ஓடிவிடும்" என்று சொல்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. ஓடும் என்பது உண்மைதான். எவ்வளவு சுமை இழுக்கும், எத்தனை நாள் தாங்கும், யாருக்கு ஆபத்து என்பதையும் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

நேரடியாகக் கொடுத்தால் ஏன் ஓடாது?

மும்முனை மின்சாரத்தில் மூன்று கம்பிகளிலும் மின்னோட்டம் ஒன்றன்பின் ஒன்றாக உச்சத்தைத் தொடுகிறது. இதனால் மோட்டாருக்குள் காந்தப்புலம் சுழல்கிறது. அதன் பின்னால் ரோட்டாரும் சுழல்கிறது. ஒருமுனையில் காந்தப்புலம் கூடிக் குறையுமே தவிர, சுழலாது. எனவே மோட்டார் முனகிக்கொண்டு நிற்கும். அந்த நிலையில் வழக்கமான அளவைப்போல் சுமார் 5 மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். அப்படியே விட்டால் சிறிது நேரத்தில் காயில் கருகிவிடும். ஆகவே மூன்றாவது முனையை ஏதாவது ஒரு வழியில் உருவாக்கித் தர வேண்டும், அல்லது மோட்டாரையே மாற்ற வேண்டும்.

முதலில் பார்க்க வேண்டியது

மோட்டாரின் மேல் உள்ள பெயர்ப்பலகையில் மூன்று விவரங்களைப் பாருங்கள்: எத்தனை எச்.பி., எத்தனை வோல்ட், ஸ்டார் இணைப்பா டெல்டா இணைப்பா. உங்கள் வீட்டு மின்சாரம் 230 முதல் 240 வோல்ட். மும்முனை மோட்டார் 415 வோல்ட்டுக்குச் செய்யப்பட்டது. இந்த வித்தியாசம்தான் பலருடைய பணத்தை வீணாக்குகிறது.

• பலகையில் 415 வோல்ட், ஸ்டார் என்று இருந்தால் நல்லது. அதே மோட்டாரை டெல்டாவாக மாற்றி இணைத்தால் 240 வோல்ட்டில் முழுத் திறனுடன் ஓடும். நம் நாட்டில் 2 எச்.பி. வரையுள்ள மோட்டார்கள் பெரும்பாலும் இந்த வகை. டெர்மினல் பெட்டியில் ஆறு முனைகள் இருந்தால் வேலை எளிது. மூன்று முனைகள் மட்டும் வெளியே வந்திருந்தால், உள்ளே உள்ள ஸ்டார் முடிச்சைப் பிரித்து வெளியே எடுத்துத் தரும்படி காயில் கட்டும் கடையில் கேளுங்கள்.

• 415 வோல்ட், டெல்டா என்று இருந்தால் கவனம் தேவை. 3 எச்.பி.யும் அதற்கு மேலும் உள்ளவை பெரும்பாலும் இப்படித்தான் வரும். இதற்கு 240 வோல்ட் கொடுத்தால் இழுவிசை மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். வெறுமனே சுற்றும், புல்லை உள்ளே கொடுத்ததும் நின்றுவிடும். காயிலை மாற்றிக் கட்டாமல் இதை ஒருமுனையில் ஓட்ட நினைக்காதீர்கள்.

வழி 1: கண்டன்சர்

டெல்டாவாக இணைத்த மோட்டாரின் இரண்டு முனைகளுக்கு ஒருமுனை மின்சாரம் கொடுத்து, மூன்றாவது முனைக்குக் கண்டன்சர் வழியாக இணைப்பது இந்த முறை. 1 கிலோவாட் மோட்டாருக்குச் சுமார் 70 மைக்ரோஃபாரட் என்பது பொதுவான கணக்கு. செலவு குறைவு. ஆனால் மோட்டாரின் திறனில் மூன்றில் இரண்டு பங்குதான் கிடைக்கும். ஒரு சுமைக்குச் சரியாக இருக்கும் கண்டன்சர் வேறு சுமைக்குப் பொருந்தாது. அதனால் ஒரு காயில் மட்டும் அதிகம் சூடேறும். துளையிடும் மிஷின், சாணை பிடிக்கும் மிஷின் போல லேசாக ஓடுபவற்றுக்கு இது போதும். கனமான சக்கரத்துடன் கிளம்பும் புல் நறுக்கும் இயந்திரத்துக்கு ஏற்றதல்ல. ஸ்டார்ட் செய்வதற்கு மட்டுமான கண்டன்சரைத் தொடர்ந்து ஓட விட்டால் வெடித்துவிடும். ரன்னிங் வகை, 440 வோல்ட் என்று கேட்டு வாங்குங்கள்.

வழி 2: வி.எஃப்.டி.

வி.எஃப்.டி. என்பது ஒருமுனை மின்சாரத்தை வாங்கி, மின்னணு முறையில் மூன்று முனைகளாக மாற்றித் தரும் பெட்டி. மூன்று காயில்களுக்கும் சமமான மின்சாரம் போவதால் மோட்டார் முழுத் திறனுடன் ஓடும். மெதுவாகக் கிளப்பலாம், வேகத்தையும் மாற்றலாம். ஒருமுனை உள்ளீட்டுக்கென்றே செய்யப்பட்டவை 3 எச்.பி. வரை சாதாரணமாகக் கிடைக்கின்றன. பொதுவாக இவை வெளியே தருவதும் 230 வோல்ட் மும்முனைதான். எனவே மோட்டார் டெல்டாவில் இருக்க வேண்டும்.

2 எச்.பி. மோட்டார் ஸ்டாரில் சுமார் 3.5 ஆம்பியர் எடுக்கும். டெல்டாவுக்கு மாற்றியதும் சுமார் 6 ஆம்பியர் எடுக்கும். பெட்டியில் இந்த 6 ஆம்பியரைத்தான் பதிவு செய்ய வேண்டும். அந்தப் பெட்டி உங்கள் வீட்டு இணைப்பிலிருந்து முழுச் சுமையில் சுமார் 12 ஆம்பியர் இழுக்கும். ஆகவே விளக்கு லைனிலிருந்து எடுக்காமல், தனி எம்.சி.பி. வைத்து 2.5 சதுர மி.மீ. செம்பு ஒயர் போடுங்கள். 30 மீட்டருக்கு மேல் தூரம் என்றால் 4 சதுர மி.மீ. நல்லது.

பெட்டிக்கும் மோட்டாருக்கும் நடுவில் ஸ்டார்ட்டர், சுவிட்ச், கண்டன்சர் எதையும் வைக்காதீர்கள். கிளம்பும் நேரத்தை 5 முதல் 10 நொடியாக வையுங்கள். பாதி வேகத்துக்குக் கீழே அதிக நேரம் ஓட்டினால் மோட்டாரின் விசிறி போதிய காற்று தராது, சூடேறும். தீவனத் தூசி படியாத இடத்தில் பெட்டியைப் பொருத்துங்கள்.

வழி 3: மோட்டாரை மாற்றுவது

பெல்ட்டில் ஓடும் ஒரே ஓர் இயந்திரம்தான் என்றால் இதுவே எளிது. 3 எச்.பி. வரை ஒருமுனை மோட்டார்கள் கடைகளில் கிடைக்கின்றன. பழைய மோட்டாரின் வேகம், தண்டின் விட்டம், சுற்றும் திசை ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு போய் வாங்குங்கள். மோட்டார் இயந்திரத்தோடு ஒன்றாகப் பொருந்திய லேத் போன்றவற்றுக்கு வி.எஃப்.டி. ஏற்றது. 3 எச்.பி.க்கு மேல் தேவை, அல்லது பல இயந்திரங்கள் ஒரே நேரத்தில் ஓட வேண்டும் என்றால் மும்முனை இணைப்புக்கு விண்ணப்பிப்பதே சரி.

பம்ப்செட்டுக்கு இதைச் செய்யாதீர்கள்

மும்முனை மின்சாரம் குறிப்பிட்ட நேரம் மட்டும் வரும் ஊர்களில், மீதி நேரத்தில் வரும் முனைகளை வைத்து, கண்டன்சர் மூலம் பம்ப்செட் ஓட்டும் பழக்கம் இருக்கிறது. அப்படி ஓடும் மோட்டாரிலிருந்து மூன்றாவது கம்பிக்கு மின்சாரம் திரும்பிப் போகும். மின்சாரம் இல்லை என்று நம்பி அந்தக் கம்பியைத் தொடும் லைன்மேனின் உயிர் போகலாம். ஓரிரு முனைகளில் மட்டும் சுமை ஏறுவதால் டிரான்ஸ்பார்மரும் கெடும், ஊரே இருட்டாகும். மேலே சொன்ன வழிகள் எல்லாம், மும்முனை லைனோடு எந்தத் தொடர்பும் இல்லாத தனி ஒருமுனை இணைப்புக்கு மட்டுமே.

பாதுகாப்பு

• மோட்டார், இயந்திரச் சட்டம், பெட்டி மூன்றுக்கும் எர்த் கட்டாயம்.
• உயிர் காக்கும் ஆர்.சி.சி.பி. பொருத்துங்கள். வி.எஃப்.டி.யால் அடிக்கடி டிரிப் ஆனால் கழற்றிவிடாதீர்கள். அதற்கேற்ற வகையைக் கேட்டு மாற்றுங்கள்.
• மின்சாரத்தை நிறுத்திய பிறகும் கண்டன்சரிலும் வி.எஃப்.டி.யிலும் மின்சாரம் தங்கியிருக்கும். குறைந்தது 10 நிமிடம் கழித்தே, உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் மூடியைத் திறக்க வேண்டும்.
• இணைப்பு மாற்றியதும் சுற்றும் திசையைப் பார்த்துவிட்டே புல்லைக் கொடுங்கள்.
• முதல் நாள் அரை மணி நேரம் ஓட்டி, கிளாம்ப் மீட்டரில் மூன்று ஒயர்களின் ஆம்பியரையும் அளக்கச் சொல்லுங்கள். கண்டன்சர் முறையில் மூன்றும் சமமாக இருக்காது. ஆனால் எந்த ஒயரிலும், மோட்டாரின் இப்போதைய இணைப்புக்கு உரிய ஆம்பியரைத் தாண்டக் கூடாது.

புதிய சுமையைச் சேர்க்கும் முன், உங்கள் இணைப்புக்கு அனுமதிக்கப்பட்ட சுமை எவ்வளவு, இந்தப் பயன்பாடு எந்தக் கட்டண வகையில் வரும் என்பதை மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். இயந்திரத் தேர்வு பற்றியும், மானியத்தில் புதிய இயந்திரம் வாங்க முடியுமா என்றும் வேளாண்மைப் பொறியியல் துறையின் உதவி செயற்பொறியாளர் அலுவலகத்தில் விசாரிக்கலாம். பழைய இயந்திரம் பார்க்கப் போகும்போது பெயர்ப்பலகையைக் கைபேசியில் படம் எடுத்து, எலக்ட்ரீஷியனிடம் காட்டிவிட்டு விலை பேசுங்கள்.