அறுபது டிகிரிக் குவியல்

புதுச்சேரியில் நெட்டப்பாக்கம், மடுகரை, கல்மண்டபம், ஏரிப்பாக்கம் என்று சுற்றியுள்ள ஊர்களின் தெருக்குப்பையை அள்ளுவது நெட்டப்பாக்கம் கொம்யூன் பஞ்சாயத்தின் பொறுப்பு. கொம்யூன் முறை 1880-இல் பிரெஞ்சு ஆட்சியில் வந்தது. இன்று 1973-ஆம் ஆண்டுச் சட்டப்படி நடக்கிறது. கடைசியாக 2006-இல் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2011-இல் முடிந்தது. அதன்பின் பத்தாண்டுக்கும் மேலாக ஆணையர்தான் எல்லாவற்றையும் பார்த்துவருகிறார். குப்பை அள்ளவில்லை என்று சொல்ல வார்டு உறுப்பினர் இல்லாத ஊரில், குப்பையைக் குறைக்கும் எளிய வழி ஒவ்வொன்றும் முக்கியம்.

நம் நாட்டு வீட்டுக் குப்பையில் எடைக்கு ஏறக்குறைய பாதி மக்கக்கூடியது: காய்கறித் தோல், மிஞ்சிய சோறு, வாழை இலை, பூ. அதை வண்டியேற்றி எங்கும் கொண்டுபோக வேண்டியதில்லை. ஊரிலேயே கூட்டெரு ஆக்கிவிடலாம். மின்சாரம் கேட்காத இந்த வேலையை நுண்ணுயிர்கள் செய்கின்றன.

அவற்றுக்குக் கரிமமும் தழைச்சத்தும் வேண்டும். 25 முதல் 30 பங்கு கரிமத்துக்கு ஒரு பங்கு தழைச்சத்து என்பது நல்ல அளவு. அடுப்படிக் கழிவில் தழைச்சத்து தூக்கல். தனியாகக் குவித்தால் கொழகொழத்து நாறும். வைக்கோல், சருகு, கரும்புச் சோகை இவற்றில் கரிமம் மிகுதி. தனியாகப் போட்டால் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். நெல்லும் கரும்பும் விளையும் இந்தப் பகுதியில் இரண்டுக்கும் பஞ்சமில்லை. சோகையை வயலிலேயே கொளுத்துவதற்குப் பதில் குவியலுக்குக் கொண்டுவந்தால் இரண்டு தொல்லையும் ஒன்றாகத் தீரும். ஓர் அடுக்கு பச்சைக் கழிவு, ஓர் அடுக்கு சோகை, மேலே கொஞ்சம் சாணிக் கரைசல் என்று மூன்று நான்கு அடி உயரத்துக்கு எழுப்ப வேண்டும். உயரம் குறைந்தால் சூடு தங்காது. ஈரம் சரியா என்று பார்க்கக் கருவி வேண்டாம்: ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு கசிய வேண்டும், ஒழுகக் கூடாது.

இரண்டு மூன்று நாளில் குவியல் தானாகச் சூடேறும். சாதாரண நுண்ணுயிர்கள் 40 டிகிரி செல்சியஸ் வரை கொண்டுபோய்விட்டு ஒதுங்கும். சூடு விரும்பும் இனங்கள் பெருகி 55, 60, சில நேரம் 65 வரை ஏற்றும். கையை உள்ளே விட்டால் வெடுக்கென்று எடுத்துவிடுவோம். தெருச் சுத்தத்துக்கு இந்தச் சூடுதான் உயிர்நாடி. நம் ஊர் வெயிலில் ஈ முட்டையிட்டு, புழுவாகி, மறுபடி ஈயாகப் பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். குப்பைமேட்டில் அது தடையின்றி நடக்கிறது. சூடேறிய குவியலுக்குள் புழு பிழைக்காது. அந்தச் சூடு சில நாள் நீடித்தால் நோய்க்கிருமியும் களை விதையும் பெரும்பாலும் மடிந்துவிடும். விளிம்பில் ஆறிக்கிடப்பதும் உள்ளே போய் வேக வேண்டுமென்றுதான் வாரம் ஒருமுறை புரட்டிப் போடுகிறார்கள். புரட்டும்போது காற்றும் நுழைகிறது. காற்றில்லாமல் அழுகினால் முட்டை அழுகிய நாற்றம் வரும், மீத்தேனும் வெளியேறும்.

ஆல்பர்ட் ஹோவார்டு என்ற ஆங்கிலேய வேளாண் அறிஞர் 1920-களில் இந்தூரில் இந்த முறையை வகுத்தார். நம் உழவர்களின் எருக்குழியை உற்றுப் பார்த்துக் கற்றதும் அதில் சேர்ந்திருக்கிறது. நகரக் குப்பைக்கு ஏற்ற குழி முறையை 1939-இல் பெங்களூரில் சி. என். ஆச்சார்யா உருவாக்கினார்.

இந்த வேலையைக் கெடுப்பது பிளாஸ்டிக். சோற்றைக் கட்டி வீசிய கேரி பேக்கினுள் காற்றும் போகாது, சூடும் வேலை செய்யாது. உள்ளே இருப்பது அழுகும். அதே பையைத் தெருவில் மாடு சோற்று வாசனைக்காகத் தின்றால், அது முதல் இரைப்பையிலேயே தங்கி, உருண்டு திரண்டு, தீனிக்கு இடமில்லாமல் செய்துவிடும். தமிழ்நாடு 2019 ஜனவரியிலும் புதுச்சேரி அதே ஆண்டு ஆகஸ்டிலும் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்கைத் தடை செய்தன. விழுப்புரம் மாவட்டத்தை ஒட்டிய மடுகரை போன்ற ஊரில், இடைப்பட்ட ஏழு மாதம் எல்லைக்கு அந்தப் பக்கம் தடை இருந்தது, இந்தப் பக்கம் இல்லை. எல்லை இப்படிப் பின்னிக் கிடக்கும் இடத்தில் ஒரு பக்கத்துச் சட்டம் மட்டும் போதாது என்பது என் எண்ணம்.

ஆகவே பிரிப்பது வீட்டு வாசலிலேயே நடக்க வேண்டும். ஒருமுறை கலந்துவிட்ட குப்பையை யாரோ ஒரு தூய்மைப் பணியாளர் தன் கையால்தான் பிரிக்க வேண்டியிருக்கிறது. ஊசியும் உடைந்த கண்ணாடியும் அதற்குள் இருக்கும். அவர் கையுறை போட்டிருந்தாலும் அது நாம் கேட்கத் தகாத வேலை.

இரண்டு மூன்று மாதத்தில் குவியல் பாதியாகச் சுருங்கி, ஆறி, கறுத்து, பொலபொலவென்று உதிரும். மழை பட்ட மண்ணின் வாசனை வந்தால் தயார் என்று பொருள். அந்த வாசனையைத் தருவதும் ஒருவகை நுண்ணுயிர்தான். பிறகு சலித்து வயலுக்கு அனுப்பலாம். சலிக்கும்போது மேலே நிற்பது தேங்காய்ச் சிரட்டை, மாங்கொட்டை; அவை அடுத்த குவியலுக்குப் போகும். சல்லடையையும் தாண்டி எருவோடு வயலுக்குப் போய்விடுவது பால் கவரில் வெட்டி எறிந்த சின்ன மூலைத் துண்டு. கவரை வெட்டும்போது மூலையை முழுதாகத் துண்டிக்காமல் ஒட்டியபடி விட்டால், அது கவரோடு சேர்ந்தே மக்காத குப்பைக்குப் போய்விடும்.