பனிமலையில் ஓர் அன்னதானம்

12,756 அடி உயரத்து அமர்நாத் குகையில் பனிலிங்கமாய் அருளும் ஈசனைத் தரிசிக்க மலையேறுவோர் பலர்; அவ்வடியார்களுக்கு அமுதளிக்கவே ஏறுவோரும் உண்டு. பஞ்சாப், தில்லி முதலிய இடங்களிலிருந்து வரும் அன்பர் குழுக்கள் வழியெங்கும் அன்னக்கூடங்கள் அமைக்கின்றன. ‘லங்கர்’, ‘பண்டாரா’ என்பன அங்கு வழங்கும் பெயர்கள். (நம் ஊர்ப் பண்டாரம் வேறு!)

பஹல்காம் பாதையில் சந்தன்வாரி வரையே வண்டி செல்லும். அதற்கப்பால் சேஷ்நாக், பஞ்சதரணி வரை அரிசி, பருப்பு, எரிவாயு உருளை யாவும் மட்டக்குதிரையின் முதுகிலும் மனிதர் தோளிலுமே ஏறவேண்டும். காற்றழுத்தம் குறைந்த அவ்வுயரத்தில் நீர் விரைவில் கொதித்துவிடும். பருப்போ எளிதில் வேகாது. ஆதலின் விடியலுக்கு வெகுமுன்பே அடுப்பு மூட்டுகின்றனர். உண்பவரிடம் ஒரு காசும் பெறுவதில்லை.

2023-இல் பொரித்த பண்டங்களுக்கு ஆலய வாரியம் தடை விதித்தது. மூச்சு வாங்கும் மலைப்பாதையில் அது நல்ல முடிவே. 70 வயதைக் கடந்தோருக்கு யாத்திரை அனுமதி இல்லை என்பதுதான் நம் வாசகர் பலருக்கு ஏக்கம் தரும். ஆயினும், மலையேற இயலாத முதியோரும் இக்குழுக்களுக்கு அரிசி அளித்து உதவலாம்.

ஆவணி அவிட்டத்தை ஒட்டிய பௌர்ணமியோடு வழக்கமாக யாத்திரை நிறைவுறும். அதன்பின் அண்டாக்களைத் தேய்த்துக் கவிழ்த்து, கூடாரம் பிரித்து, அன்பர்கள் மலையிறங்குவர்.